ஓரா

செக்காலை ரோட்டில் என் கிளினிக்.
காத்திருப்பவர்கள் வலியை மறக்க
நான்கடி நீளத்தில் ஒரு கடல்.
உப்புத் தண்ணீர் சிந்திச் சிந்தி
கீழே ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பூ மங்கிவிட்டது.
மேலே நீல விளக்கு, இரண்டு கோமாளி மீன்,
பொத்தான் பொத்தானாய் விரியும் பவளம்.

சித்திரையில் பாசி பிடித்தது.
முதலில் பாறை விளிம்பில் பூனைமயிர் அளவு.
வைகாசிக்குள் சடை.
பிரஷ்ஷால் தேய்த்தேன், இடுக்கியால் பிடுங்கினேன்,
மூன்று நாள் போர்வை போட்டு இருட்டில் வைத்தேன்.
"ஷாம்பூ போட்டுப் பாப்பமா டாக்டரம்மா?" என்றார்
கம்பவுண்டர் வெள்ளையன்.
நான் சிரிக்கவில்லை.

கொளத்தூர்க் கடைக்காரர் மஞ்சள் டாங் அனுப்பினார்.
ஒன்பதாயிரம்.
ஆக்சிஜன் ஊதிய பையில், இரவுப் பேருந்தில்,
தனி சீட்டில் வந்து இறங்கியது.
பாசியை முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.
ஐந்தாம் நாள் வடிகட்டியில் ஒட்டிக் கிடந்தது,
பிழிந்த எலுமிச்சைத் தோலாக.

ஆடி வெள்ளி. மீன் வாங்க ஆளில்லை.
பல்லுக்கு நேரம் கிடைத்து
தொண்டி ஆரோக்கியம் கூடையோடு வந்தாள்.
ஊசி மரத்துப்போகக் காத்திருந்தவள்
தொட்டியைப் பார்த்து, பாதி வாயால் சொன்னாள்:
"இதுக்கா இம்புட்டு? ஓரா விடுங்க. புல்லு மேயுற சாதி.
வலையில குஞ்சு கெடக்கும், கொண்டாறேன்.
பல்லுக்குக் காசு கேக்கப்படாது."

தையல் பிரிக்க வந்த அன்று
பெயின்ட் வாளியில், ஈரத்துணி மூடி, அது வந்தது.
மூன்று விரல் நீளம். சேற்றுப் பச்சையில் வெள்ளைப் புள்ளிகள்.
அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை.
குளுக்கோஸ் டியூபில் சொட்டுச் சொட்டாய்
என் தண்ணீரை அதற்குப் பழக்கினேன்.
தூக்கி விடும்போது முதுகுமுள் ஏறியது.
வெந்நீரில் விரலை வைத்துக்கொண்டு
அன்று மாலை வந்த நான்கு பேரை
நாளைக்கு வரச் சொன்னேன்.

அது மேய்ந்தது.
விளக்கு எரிந்ததிலிருந்து அணையும் வரை
தலைகீழாய், பக்கவாட்டில்,
அந்தச் சின்ன வாய் சுரண்டியது.
என் வேலைதான்.
இரைச்சல் இல்லை, துப்பச் சொல்வதில்லை.
இருபது நாளில் பாறை வெளுத்தது.

இருபத்தோராம் நாள் பவளத்தைப் பார்த்தது.
ஒரு பொத்தானைக் காணோம்.
மறுநாள் இரண்டு.

இப்போது காசு கொடுத்துப் பாசி வாங்குகிறேன்.
கறுத்த தாள், பொட்டலத்துக்குப் பத்து.
பல்லிடுக்கு நூலால் கல்லில் கட்டி இறக்குகிறேன்.

ஐப்பசியில் ஆரோக்கியம் பல் கட்ட வந்தாள்.
"உள்ளங்கை ஆயிருச்சே. குழம்புக்கு இன்னும் ரெண்டு மாசம்."
பிறகு, வெள்ளையன் அள்ளிப் போட்ட தீனியைப் பார்த்து:
"இத்தனை கொட்டுனா பாசி வராம பூவா வரும்?"

நாளுக்கு முப்பது பேரிடம்
இடையில் தின்னாதீர்கள், இனிப்பைக் குறையுங்கள் என்கிற வாய்
மூடிக்கொண்டது.
தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.
இன்னொரு சாவி வெள்ளையனிடம் இருப்பது
எனக்கும் தெரியும், மீனுக்கும் தெரியும்.