ஒன்றே கால் நொடி

அந்த டிரெய்லரின் நாற்பத்தோராவது நொடியில்
சிரிப்பவள் நான்.
நாயகன் சைக்கிளோடு பூந்தொட்டியில் சரிகிறான்,
உடனே நான், பல் தெரிய,
உடனே நாயகி, உதட்டைக் கடித்துக்கொண்டு.
என் பங்கு ஒன்றே கால் நொடி.

நான் சிரிக்கவில்லை.
துய்மா வீதி, மே மாதம், மதியம் ஒன்று பத்து.
நொத்தேர் அலுவலகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுக்கப் போனேன்.
கையில் பிரெஞ்சு பென்ஷன்காரர்கள் ஏழு பேர்
இன்னும் உயிரோடிருப்பதற்கான தாள்கள்.
படப்பிடிப்புக்காக எதிர்ச்சுவருக்குப்
புது மஞ்சள் அடித்திருந்தார்கள்.
அதில் பட்டுத் திரும்பிய வெயில் முகத்தில் அறைந்தது.
கண் சுருங்கியது, மேலுதடு ஏறியது,
அவ்வளவுதான்.
சைக்கிள் விழுந்தது வேறு தெருவில், வேறு நாளில்.

பிலோமின் அக்கா கேட்டாள்:
"யாரைப் பாத்துடி அப்படிச் சிரிச்ச?"
இளம்பரிதி கேட்கவில்லை.
மூன்று நாள் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுச்
சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:
"எங்கிட்ட நீ இப்படிச் சிரிச்சதே இல்ல."

அதன்பிறகுதான் நானும் பார்க்கத் தொடங்கினேன்,
களவு போன வளையலை
அடகுக்கடைக் கண்ணாடி வழியே பார்ப்பதுபோல.

அது எதையும் ஒளிக்கவில்லை.
மோதுகிறார்கள். முறைத்துக்கொள்கிறார்கள்.
நண்பன் ஒருவன் வாயில் பஜ்ஜியோடு எச்சரிக்கிறான்.
பாட்டு ஏறுகிறது, சட்டென அறுகிறது,
ஆளுக்கொரு ஜன்னல், இரண்டிலும் மழை.
(அந்த மழையை எனக்குத் தெரியும்.
முதுகில் 'குடிநீர்' என்று எழுதிய டேங்கர் லாரி.)
பிறகு அவன் ஓடுகிறான்.
இந்த மாதிரிப் படங்களில் யாராவது ஓடியாக வேண்டும்;
எங்கள் விமான நிலையத்தில் ஓட இடம் போதாதென்று
கடற்கரைச் சாலையில் ஓடவிட்டிருந்தார்கள்.
முத்தத்துக்கு அரை விரற்கடை இருக்கையில்
கறுப்புத் திரை.
தேதி.

நேரு வீதிப் புடவைக்கடைப் பையனும் இப்படித்தான்.
முப்பதை உதறி விரித்துவிட்டு
முப்பத்தொன்றை மடிப்புக் கலையாமல்
தொடைமேல் வைத்துக்கொள்வான்.
அதில் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியும்.
தெரிந்ததால்தான் கை நீளும்.

இன்னொன்று.
அவன் வேடிக்கையானவன் என்று
டிரெய்லர் ஓரிடத்திலும் சொல்வதில்லை.
வழியில் போகிற ஒருத்தி சிரிக்கிறாள், அதைக் காட்டுகிறது.
அவள் யாரோ.
யாரோவுக்குப் பொய் சொல்ல என்ன தலையெழுத்து?
நாற்பது லட்சம் பேர் அந்த யாரோவை நம்பினார்கள்.
ஒருநாள் ராத்திரி, பாத்திரம் கழுவி முடித்து,
ஈரக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்;
அவன் பூந்தொட்டியில் சரிந்தான்,
நான் சிரித்தேன், போனில்.
நான் சிரித்தேன், அடுக்களையிலும்.

முதல் நாள் மாலைக் காட்சி.
இளம்பரிதி சட்டைக்கு இஸ்திரி போட்டார்.
அக்காவுக்கும் சேர்த்து மூன்று டிக்கெட்.
சைக்கிள் வந்தது. பூந்தொட்டி வந்தது.
என் முழங்கையை அவர் இடித்தார்.
அவன் விழுந்தான்,
உடனே நாயகி.

இடையில் நான் இல்லை.
தியேட்டரில் யாரும் சிரிக்கவும் இல்லை.

"பின்னால வரும்," என்றார் காதருகே.
இடைவேளையிலும் அதையே சொன்னார்.
அவன் ஓடினான், முத்தம் வந்தது,
பெயர்கள் ஏறத் தொடங்கின,
விளக்குப் போட்ட பிறகும் எழாமல் உட்கார்ந்திருந்தார்,
உப்பு ஒட்டிய பாப்கார்ன் டப்பாவைப் பிடித்தபடி,
என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

மறுநாளும் ஜெராக்ஸ் இருந்தது.
மஞ்சள் சுவர் அப்படியே இருந்தது,
மதியமும்.
வெயில் அறைந்தது.

எதிரே ஸ்கூட்டரில் வந்த யாரோ ஒருவன்
பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போனான்.