பதிவேட்டில் ஒரு வரி

பீட்டர்ஹெட் துறைமுகம்.
மீன் குளிரறையின் பதிவேட்டில்
வெள்ளி இரவு மார்வென் புக்கன் எழுதியது:
‘அலாரம் வென்ட் ஆஃப். 3.10.’
எழுதிவிட்டு, காய்ச்சலோடு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமைக் காவலுக்கு வந்த வைடோடாஸ்
அதை இரண்டு முறை படித்தான்.
அவன் விடுதியில்
பத்தரைக்கு விளக்கு ‘கோஸ் ஆஃப்’.
காசு தீர்ந்தால் ஹீட்டர் ‘கோஸ் ஆஃப்’.
கிளைப்பெடா கப்பல் பட்டறையிலிருந்து
இந்தக் கரை வரைக்கும்
சுவிட்சுகளின்மேல் அந்தச் சொல்லுக்கு
ஒரே அர்த்தம்தான்.
அலாரமும் வாயைத் திறக்கவில்லை.
பத்து நிமிடம் கத்திவிட்டுத்
தானே ஓய்ந்துவிடும் பழைய பெட்டி அது.
நல்லது, நின்றுவிட்டது என்று
கூடைகளைக் கழுவப் போனான்.

திங்கள் காலை கதவைத் திறந்த டாட்
மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினான்:
‘ஹேடக் எல்லாம் கான் ஆஃப்!’
வைடோடாஸ் எட்டிப் பார்த்தான்.
எங்கேயும் போகவில்லை மீன்.
நாலு டன்னும் அங்கேயே கிடந்தது,
கண் வெளுத்து.

விசாரணைக்கு மூன்று நாற்காலி, ஒரு கெட்டில்.
‘அலாரம் அடித்தது என்று எழுதியிருக்கிறதே,
படிக்கவில்லையா?’
‘படித்தேன். அணைந்தது என்று இருந்தது.’
‘அடித்தது.’
‘அணைந்தது.’
கெட்டில் மட்டும் கொதித்தது.

மார்வென் பதிவேட்டை இழுத்துத்
தன் கையெழுத்தையே
யாரோ எழுதியதுபோலப் பார்த்தாள்.
பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி.
குண்டு வெடித்தாலும் இதே சொல்.
விளக்கு அவிந்தாலும் இதே சொல்.
கணவன் அபர்டீனுக்குக் கிளம்பிப் போனபோதும்,
அதற்கு ஒரு வருஷம் முன்பே
அவன்மேல் இருந்த ஆசை விட்டுப்போனபோதும்
தங்கையிடம் இதைத்தான் சொல்லியிருந்தாள்.
ஒருதரம்கூட நாக்கு இடறவில்லை.

‘தப்பு வாக்கியத்துடையது’ என்றாள்.
‘வாக்கியத்திடம் சம்பளம் பிடிக்க முடியாதே’
என்றார் மேலாளர்.
கடைசியில் யாரிடமும் பிடிக்கவில்லை.

நடைவழியில் யூனியன்காரி கேட்ரியோனா
அவன் தோளைத் தட்டினாள்:
‘இட் வென்ட் ஆஃப் ஃபைன்!’
அவன் அப்படியே நின்றான்.
எது?
அடித்ததா, அணைந்ததா, அழுகியதா?
நல்லபடியாக முடிந்தது என்று
அவள் சொல்லி முடிப்பதற்குள்
சிரிப்பு முந்திக்கொண்டது, இருவருக்கும்.

அன்று இரவு பதிவேட்டில் மார்வென் எழுதினாள்:
‘அலாரம் கத்தினால், ஓடிப்போய்ப் பார்.’
பக்கத்தில் கோணலாக
வாய் திறந்த ஒரு மணியின் படம்.