ஒரே ஒரு வளைவு

க்ரூஸரை வாங்கிப் போனவன் பெயர் லாயல் ஹுஸ்கா.
பன்றிப் பண்ணைக்காரன். பணத்தை
காப்பித்தூள் டின்னில் கொண்டுவந்தான்.
எண்ணினேன். நூறு டாலர் அதிகம்.
நீட்டினேன்.
"இருக்கட்டும், ஹெட்லைட்டில் வெட்டுக்கிளி ஒட்டியிருக்கு,
அதுக்கும் சேர்த்து" என்றான்.

பதினாறு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தேன்.
ஓட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.
காலை முன்னால் நீட்டி, முதுகைத் தளர்த்தி,
கடன் அடைத்து முடித்தவள் மாதிரி.
நெப்ராஸ்காவின் ரோடுகள் அப்படி,
அடிக்கோல் வைத்துக் கிழித்தவை.
மக்காச்சோளம், மக்காச்சோளம், ஒரு தானியக் கிடங்கு,
மறுபடி மக்காச்சோளம்.
எஞ்சின் என் இடுப்பெலும்பில் பேசிக்கொண்டே வரும்.
நான் உம் கொட்டுவேன்.

புதியது பச்சை. அறுநூறு சிசி.
"மகனுக்கா?" என்றான் கடைப் பையன்.
எனக்கு மகன் இல்லை. வயது ஐம்பத்தேழு.
"எனக்கு" என்றேன்.
கேட்டதை அவன் திரும்ப விழுங்குவது
தொண்டையில் தெரிந்தது.

முதல் நாள்
கால் தானாக முன்னால் போய்ப் பெடலைத் தேடியது.
அங்கே காற்றுதான் இருந்தது.
பெடலோ பின்னால், இடுப்புக்குக் கீழே.
மணிக்கட்டு வலித்தது. கழுத்து வலித்தது.
கண்ணாடியில் பாதிக்கு மேல் என் முழங்கைகள்.
படுத்திருக்கவும் இல்லை, உட்கார்ந்திருக்கவும் இல்லை;
சாவித் துவாரத்தில் எட்டிப் பார்ப்பவளின் கோலம்.

"கல்லின் மேல் தவளை" என்றான் ட்ரூமன்,
வியாழக்கிழமை பைக்குகள் கூடும் ஓட்டல் வாசலில்.
எல்லாரும் சிரித்தார்கள், நானும்.
திரும்பும் வழியில் எதிரே வந்த க்ரூஸர்கள்
இடது கையைத் தாழ்த்தி இரண்டு விரல் காட்டவில்லை.
காட்ட மாட்டார்கள்.
பதினாறு வருஷம் நானும் காட்டியதில்லை,
இப்படிக் குனிந்து போனவர்களுக்கு.

ஏன் மாற்றினாய் என்று கேட்கிறார்கள்.
கழுத்து வலிக்கு ஆசைப்பட்டா?
போன ஜூலையில், ஆற்று வளைவில்,
க்ரூஸரைச் சாய்த்தேன்.
இன்னும் கொஞ்சம் என்றது உடம்பு.
கால்பலகை ரோட்டில் உரசித் தீப்பொறி பறந்தது.
இதற்கு மேல் கிடையாது என்றது இரும்பு.
அந்தச் சத்தம் மாதக்கணக்கில் காதில் கிடந்தது.

எங்கள் கவுண்டியில் இருப்பது அந்த ஒரே வளைவு.
நையோப்ரரா நகர மறுத்ததால்
ரோடு நகர்ந்துகொண்டது.
ஞாயிறு காலை அங்கே போவேன்.
போய்த் திரும்பி, போய்த் திரும்பி, பதினோரு தடவை.
வலப்பக்கம் சாய வலக்கையை முன்னால் தள்ளு.
கேட்டால் கிறுக்குத்தனம். தள்ளினால்
வண்டி வலப்பக்கம் விழுகிறது, விழாமல்.

டயருக்குப் பொய் சொல்லத் தெரியாது.
விளிம்பில் தரை தொடாத ரப்பர், இரண்டு விரற்கடை அகலம்,
அச்சிலிருந்து வந்த மெல்லிய மயிர்கூட உதிராமல்.
இங்கே எல்லை போட்டவள் நான். இரும்பு இல்லை.
மே மாதம் இரண்டு விரற்கடை.
ஆகஸ்டில் ஒன்றரை.

அக்டோபரில், அறுவடை லாரி சிந்திய
ஒரு கைப்பிடி மக்காச்சோளம்
வளைவின் நடுவில், ஒன்பதாவது தடவையில்.
பின்சக்கரம் ஒரு சாண் நழுவியது.
பள்ளத்தைப் பார்த்தேன்.
பார்த்த இடத்துக்கே வண்டி கிளம்பியது.
கண்ணைப் பிடுங்கி எடுத்து
வளைவு முடியும் இடத்தில் நின்ற தபால் பெட்டியில் வைத்தேன்.
வண்டி, கொஞ்சம் யோசித்துவிட்டு,
கண்ணோடு வந்தது.

தபால் பெட்டியருகே நிறுத்தி இறங்கினேன்.
முழங்கால் கிடுகிடுவென்று ஆடியது.
பெட்டியில் எழுதியிருந்த பெயரை
மூன்று முறை படித்தேன், ஒன்றும் ஏறவில்லை.
பாக்கி இரண்டு தடவையை முடித்தேன்,
மெதுவாக.

திங்கட்கிழமை பள்ளிக்கூட பஸ்.
ஸ்டியரிங்கில் நான், பின்னால் முப்பத்தொரு பிள்ளைகள்,
மணிக்கு இருபத்தைந்து மைல்.
வளைவு வந்தது.
"ஆர்டித், கழுத்துச் சுளுக்கா?" என்றான்
முதல் சீட்டில் இருந்த எமெட்.
"ஏண்டா?"
"தலை சாஞ்சிருக்கு."
"ஆமாம், சுளுக்கு" என்றேன்,
தபால் பெட்டியைப் பார்த்தபடி.