சுண்டுவிரல்

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வரிசையில்
எனக்கு முந்திப் போன ஆள்
வெளியே வந்து காதோடு சொன்னார்:
"மூணு விரல் காட்டுவாரு.
நான் சரியாச் சொல்லித் தொலைச்சேன்,
முப்பது போட்டுட்டாரு.
நாப்பது இல்லாம மனு எடுக்கமாட்டானுவ.
நீ தப்பாச் சொல்லு பிள்ளே."

நல்ல மனசுதான்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"எத்தனை?" என்றார் டாக்டர்.
முகத்துக்கு நேரே டெட்டால் வாசம்.
மூன்று என்று எனக்குத் தெரியும்,
ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்ததல்ல.
மூன்று என்றால் பார்வைக்காரி,
ஐந்து என்றால் பொய்க்காரி.
"கேட்டுத் தெரிஞ்சது மூணு சார்,
கண்டு தெரிஞ்சது ஒண்ணுமில்ல."
அவர் சிரித்தார். டார்ச் சொடுக்கினார்.
இமையில் விரல் வைத்து வெகுநேரம் பார்த்தார்.
நூறு போட்டிருக்கிறார் என்றாள் நர்ஸ்.
பள்ளிக்கூடத்தில் எதிலும் நான்
முப்பத்தைந்து தாண்டியதில்லை.

அந்த நூறை எடுத்துக்கொண்டு
தக்கலை தாலுகா ஆபீசுக்கு
நாலு தடவை பஸ் ஏறினேன்.
எமல்டா, கணவர் பெயர் வின்சிலாஸ்,
ரேஷன் கார்டில் அவர் இருக்காரே என்றார் கிளார்க்.
கார்டில் இருக்கிறார்தான்.
வீட்டில் இல்லாமல் பதினொரு வருஷம்.
"செத்துட்டாரா?" தெரியாது.
"விட்டுட்டுப் போனாரா?" போனார்.
"அதுக்குத் தாள் உண்டா?"
போகிறவன் தாள் எழுதி வைத்துவிட்டா போவான்?
கடைசியாக வந்த வி.ஏ.ஓ.
அடுக்களைக்குள் போய்
சோற்றுப்பானை மூடியைத் திறந்தார்.
சத்தம் கேட்டது.
ஒரு ஆள் சோறு என்று
அதில் எப்படிப் படித்தாரோ,
எழுதிக் கொடுத்தார்.

பணம் ஆனி மாசம் வந்தது என்றார்கள்.
வந்தது பேங்குக்கு.
எனக்கு வர ஒரு மெஷின் தாண்ட வேண்டும்.
சுபிஜா அதைப் பையில் கொண்டுவருவாள்,
மழை என்றால் சேலைத்தலைப்பில் பொதிந்து.
"வெரல வையிங்கக்கா."
வைத்தேன். கீச்சென்றது.
அடுத்த விரல். கீச்.
துடைத்து வைத்தோம், நனைத்து வைத்தோம்,
தலைமுடியில் தேய்த்து வைத்தோம்.
பதினேழு வருஷம் அண்டி ஆபீசில்
தல்லுகட்டையும் கையுமாக இருந்தவள் நான்.
தோட்டின் எண்ணெய் முதலில் தோலைத் தின்னும்,
பிறகு ரேகையை.
சாம்பல் பூசினாலும் தின்னும்.
கண்ணில்லாதவள் பருப்பு உடைக்காமல் எடுப்பாள் என்று
மேஸ்திரிக்குப் பெருமை.
விரல் நுனி முழுக்க மொட்டைச் சுவர்.

"அப்ப கண்ணுல எடுப்போம்,"
சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்தாள்.
இருந்தாலும் விதி விதிதானே.
நாடியைப் பிடித்து நிமிர்த்தி
இன்னும் விரி, இன்னும் விரி என்றாள்.
டாக்டர் டார்ச் அடித்துத் தேடி
இல்லை என்று எழுதிய அதே இடத்தில்
மெஷின் என்னைத் தேடியது.
நானும் மூச்சுவிடாமல்
அகப்பட்டுவிடலாம் என்றுதான் நின்றேன்.

"இருபது நாள் வேலைக்குப் போகாம
தேங்காயெண்ணெய் போட்டா
ரேகை திரும்ப வருமாம் அக்கா."
இருபது நாள் கூலி என்ன,
இந்தப் பணம் என்ன,
கணக்கில் நான் அவ்வளவு மோசமில்லை.

கடைசியில் இடது சுண்டுவிரல்.
தல்லும்போது அது சும்மா ஒதுங்கி நிற்கும்.
வைத்தேன்.
மெஷின் கொஞ்சம் யோசித்தது.
பிறகு கர் கர்ரென்று துண்டுத்தாள்.
சுபிஜா கைதட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது
அந்த விரலுக்கு மட்டும் துணி சுற்றுகிறேன்.
மேலே பாலித்தீன், ரப்பர் வளையம்.
மரச்சீனி சீவும்போது மடக்கிக்கொள்கிறேன்.
அடுப்பில் ஒருநாள் லேசாகச் சுட்டது,
ராத்திரி முழுக்க ஊதிக்கொண்டே கிடந்தேன்.
கண் போன அன்றுகூட
இப்படிப் பதறியிருக்க மாட்டேன்,
அப்போது எனக்கு வயது ரெண்டு.

"வெரல அறுத்துட்டியா?" என்றார் மேஸ்திரி.
"இல்ல, அது கவர்மெண்டுக்குள்ளது."
பக்கத்துப் பலகைக்காரிகள் சிரித்தார்கள்.
சிரித்து முடித்து ஒருத்தி
மெதுவாக என்னிடம் கேட்டாள்,
எந்தத் துணி சுற்றினால்
எண்ணெய் இறங்காது என்று.