இணைப்பு ஏழு

மஞ்சக்குப்பத்தில்
ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு
மாவட்டத்தின் வயிற்றுவலி எல்லாம் தெரியும்.
பட்டா, வாரிசு, முதியோர் பணம்,
மருமகன் மேல் புகார்.
படிக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.
வெளிச்சம் ஓடும்போது
கண்ணும் கூடவே ஓடிவிடுகிறது.

தனக்கோட்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.
முதுநகர் தாண்டி
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு.
பத்து ரூபாய் வில்லை ஒட்டி
அவர் கேட்டிருந்தது இவ்வளவுதான்:
எங்கள் கேட்டுக்கு மேம்பாலம் எப்போது,
அதற்கென்று ஒதுக்கிய பணம்
எங்கே நிற்கிறது?
நிற்கிறது என்றே எழுதியிருந்தார்,
வண்டியைச் சொல்வதுபோல.

நாற்பத்தோராம் நாள் பதில் வந்தது.
'இருபத்தைந்தாண்டுத் தொலைநோக்குத் திட்டத்தில்
தங்கள் கோரிக்கை உரிய இடத்தில் உள்ளது.
வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது.'
உரிய இடத்தைத் தேடி
என் மேசையில் விரித்தோம்.
ஓரத்தில் குறிப்பு:
சிவப்புக் கோடு உத்தேசம்,
பச்சைக் கோடு ஒப்புதல்,
நீலக் கோடு நிதி விடுவிக்கப்பட்டது.
அனுப்பியிருந்ததோ கறுப்பு வெள்ளை நகல்.
கெடிலமும் கறுப்பு, உப்பனாறும் கறுப்பு.
வந்த பணமும் வராத பணமும்
ஒரே மையில்
கடலூரைச் சுற்றிக்கொண்டு கிடந்தன.
என் தொழில்மேல் எனக்கு
வெட்கம் வந்தது அன்றைக்குத்தான்.

நேரில் பார்வையிடலாம் என்றார்கள். போனார்.
முதல் ஒரு மணி நேரம் இலவசமாம்.
அதில் முக்கால் மணி
பீரோ சாவிக்காரர் சாப்பிட்டு வருவதற்குப் போயிற்று.
மிச்சக் கால் மணியில்
எண்ணூறு பக்கத்தை எச்சில் தொட்டுப் புரட்டி
ஒரே ஒரு தாளை
இரண்டு ரூபாய் கட்டி வாங்கிவந்தார்.

இணைப்பு ஏழு. போக்குவரத்துக் கணக்கெடுப்பு.
இடம்: அவருடைய கேட்.
லாரி, இல்லை.
பேருந்து, இல்லை.
ஷேர் ஆட்டோ, இல்லை.
இரு சக்கர வாகனம், நான்கு.
'ஆகவே மேம்பாலத்தின் தேவை
இருபது ஆண்டுகளுக்குப் பின் பரிசீலிக்கத் தக்கது.'

தேதியைப் பார்த்தேன்.
அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார்.
கார்த்திகைக் கடைசி,
உப்பனாறு தண்டவாளத்தின்மேல் ஏறி
உட்கார்ந்திருந்த மூன்று நாள்.
அவர் ஆட்டோவின் கூரை மட்டும்
தண்ணீருக்கு வெளியே மஞ்சளாகத் தெரிந்ததாம்.
பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைப்
படகில் கொண்டுபோனார்கள்.
படிவத்தில் படகுக்குக் கட்டம் இல்லை.

"பொய்யின்னு சொல்ல முடியாதுங்க," என்றார்.
"அன்னிக்கு ஒரு வண்டியும் போகலதான்."
எனக்குப் பொறுக்கவில்லை.
பொய்யாக இருந்திருந்தால்
கத்தியாவது தீர்த்திருக்கலாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு
கேட்டருகே ஆட்டோவை ஓரங்கட்டி
மகளின் பழைய கணக்கு நோட்டில்
கோடு போட ஆரம்பித்தார்.
நெட்டுக்கு நாலு, குறுக்கே ஒன்று.
சவாரி போகும் நேரத்தில்
கேட் போடுகிற அக்கா கோடு போட்டாள்.
பெயரை எழுதிடாதீங்க என்றாளாம்.
எழுதவில்லை.

எட்டாம் நாள் நோட்டு என் கடைக்கு வந்தது.
பென்சில் கோடுகள்,
எறும்பு வரிசைபோல, பக்கம் பக்கமாக.
சைக்கிள் தனி. மீன் கூடையோடு நடந்தவர்கள் தனி.
ஆம்புலன்ஸ் மூன்று;
அதில் ஒன்றின் எதிரே, சின்ன எழுத்தில்,
'இருபத்திரண்டு நிமிஷம் நின்றது.'
மாடு பதினொன்று என்று எழுதி, அடித்து,
மறுபடியும் எழுதியிருந்தார்.

"எத்தனை காப்பி?"
"முப்பது போடுங்க. ஆபீசுக்கு ஒண்ணு,
மிச்சம் கேட்டுல ஒட்டத்தான்.
அப்புறம் மேல, நல்ல எழுத்தா,
இணைப்பு எட்டுன்னு எழுதிடுங்க."

எழுதினேன். மூடினேன். வெளிச்சம் ஓடியது.
முதல் நகலில்
பென்சில் மங்கலாக விழுந்தது,
யாரும் போகாத ரோடுபோல.
அதைக் கசக்கிப் போட்டுவிட்டு
கறுப்பைக் கூட்டிவைத்தேன்.