வானொலி உண்டா, இல்லையா

முதல் முப்பது கேள்விகளுக்கும்
நமாகாவு நின்றபடியே பதில் சொன்னாள்,
மரவள்ளிக் கிழங்கின் தோலை
நீள நீளமாய்ச் சீவிக்கொண்டு.

மோங்குவின் மணல் கணுக்காலை விடாது.
ஒரு மைல் நடந்தால் இரண்டு மைல் களைப்பு.
டேப்லெட்டின் திரையிலும் மணல்,
சட்டை நுனியால் துடைத்துத் துடைத்துக் கேட்டேன்.

குடும்பம் என்பது ஒரே பானையில் உண்பவர்கள்.
லுசாக்காவில், இரண்டாம் ஆண்டில்,
அடிக்கோடிட்டுப் படித்த வரி.
உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்?
"எந்த மாதத்தில்?" என்றாள்.

வெள்ளம் ஏறினால் சமவெளியிலிருந்து
தங்கை வருவாள், நான்கு பிள்ளைகள்,
ஓடத்தில் தனிப் பானையோடு.
வடிந்தால் போவாள்.
மூத்தவன் காலையில் இங்கே தின்கிறான்,
இரவில் லிக்காண்டோவின் வலைக்குக் காவல்,
அங்கே கிடைப்பது அங்கே.
போன வாரம் பானையே
பக்கத்து வீட்டுச் சாவுக்குக் கடன் போயிருந்தது.

கூட்டி வகுத்து
ஐந்து என்று போட்டேன்.
மிஞ்சிய அரைப் பிள்ளை எங்கே போனதென்று
மென்பொருள் கேட்கவில்லை.

கூரை: தகரம்.
ஏழு தகடுகள். செப்புச் சுரங்கத்திலிருந்து
கணவன் கடைசியாக அனுப்பியவை.
ஆணி அனுப்பவில்லை.
கல் வைக்கலாமென்றால் இந்த மணல் நாட்டில்
கல்லுக்கு எங்கே போவது,
உடைந்த மர உரல் ஒன்று
கூரைமேல் உட்கார்ந்து
காற்றை எதிர்பார்த்திருந்தது.
படிவத்தில் உரலுக்கு இடமில்லை.

கேள்வி முப்பத்தொன்று. வானொலி?

உள்ளே போய் எடுத்துவந்தாள்.
முந்தானையால் ஒருமுறை துடைத்து
விருந்தாளிக்குத் தண்ணீர் வைப்பதுபோல்
என் எதிரில் வைத்தாள்.
பின்மூடி இல்லை.
பேட்டரி இருக்கவேண்டிய குழியில்
பூசணி விதைகள்,
எலிக்குத் தெரியாமல்.

"இது பாடுமா?"
"மழை வரட்டும், காய்க்கும்."

சிரித்துவிட்டேன்.
சிரித்துக்கொண்டேதான்
'ஆம்' என்ற வட்டத்தைத் தொட்டேன்.

பயிற்சியின்போது மேற்பார்வையாளர் சிலுமேசி
கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தார்:
பொருள் இருந்தால் ஆம்.
ஓடுகிறதா என்று பார்ப்பது நம் வேலையல்ல.
இரக்கம் தரவைக் கெடுக்கும்.
நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன்,
கட்டம்கூடக் கட்டினேன்.

பட்டியல் வந்தது.
நாற்பத்தாறும் அதற்குக் கீழும் உதவித்தொகைக்குத் தகுதி.
நமாகாவு: நாற்பத்தேழு.
வானொலிக்கு இரண்டு புள்ளி.
விரல் விட்டு எண்ணினேன்,
இத்தனை கணக்குப் படித்தவள்.

பருவத் தேர்வில் நான்காம் கேள்வி:
சேர்ப்புப் பிழை, விலக்கல் பிழை, வேறுபடுத்துக.
பன்னிரண்டு மதிப்பெண்.
எனக்குப் பிடித்த பாடம்.
அட்டவணை போட்டேன், அம்புக்குறி இட்டேன்,
மூன்று நாடுகளின் விழுக்காடுகள் மனப்பாடம்.
பிழைக்க வழியில்லாதவர்
பட்டியலுக்கு வெளியே நிற்பது
விலக்கல் பிழை என்று
அழகான கையெழுத்தில் முடித்தேன்.

பதினொன்று கிடைத்தது.
ஓரத்தில் சிவப்பு மையில்:
எடுத்துக்காட்டு ஒன்று தந்திருக்கலாம்.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.
அதில் பத்தொன்பது போய்விட்டன.
பேருந்தில் ஒரு பகல் முழுக்க,
பிறகு அந்த மணல்.
கல்லூரி விடுமுறை இன்னும் ஐந்து வாரம் தள்ளி.
ஊர் அலுவலகத்துக்கு எழுதினேன்,
பதிவு பூட்டப்பட்டுவிட்டது,
சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து
கையொப்பமிட வேண்டும் என்றார்கள்.

அவளிடம் சொல்லவாவது வேண்டும் என்று
அவள் பக்கத்தைத் திறந்தேன்.
கேள்வி முப்பத்திரண்டு:
கைபேசி உண்டா?
இல்லை.

அதைச் சரியாகத்தான் குறித்திருக்கிறேன்.