டொம்

விரோத்ஸ்வாஃப் நகராட்சியில்
போகுமிவாவுக்கு வேலை
மரங்களைத் தட்டிக் கேட்பது.

ரப்பர் சுத்தியல், மெல்லிய கம்பி,
இடுப்பில் ஓர் ஆரஞ்சு மைக்குப்பி.
தேங்காய்க்காரனின் காது அவளுக்கு:
டொக் என்றால் அடுத்த மரம்.
டொம் என்றால் நின்றுவிடுவாள்.

இன்று டிராம் நிறுத்தத்து லிண்டன்,
எண் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு,
டொம் என்றது.
பொந்தில் கம்பியை விட்டாள்.
ஒரு முழம் தடையில்லாமல் போயிற்று.
வெளியே வந்தது மக்கிய தூள்,
யாரோ ஒளித்துவைத்த லைட்டர்,
பாதி சிகரெட்.

கபாப் கடைக் கதவைத் திறந்து
ஸ்லாவெக் கேட்டான்:
"வெட்டிடுவீங்களா?
கோடையில என் நாலு மேசையும்
இதுக்குக் கீழதான்."

படிவத்தில் மேசைக்குக் கட்டம் இல்லை.
பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் இடமா
என்பதற்கு இருக்கிறது.

குப்பியைக் குலுக்கினாள்.
உள்ளே குண்டு உருண்டது.
பட்டையில் ஒரு புள்ளி,
கட்டைவிரல் அகலம்.
பிறகு ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
பென்சிலால் எழுதினாள்:
இதே குழியில் புதுக் கன்று. சீக்கிரம்.
நாலு மேசை.

வீடு திரும்பும் டிராமில்
கைப்பிடியைத் தட்டினாள், ஜன்னலைத் தட்டினாள்,
யாரும் பார்க்காதபோது
தன் முழங்காலை.
டொக் என்றுதான் கேட்டது.
இன்னொரு முறை தட்டினாள்.